கடுதாசி போட்டா புள்ள கெட்டுப்போயிடுவானா?

சம்பா விதை நேர்த்தி பத்தி இந்த வாரம் எழுதறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த பதிவுல வரும். இப்ப மனசுல வேற ஒண்ணு கொதிக்குது. அதை இறக்கி வைக்காம விதை மூட்டையைத் தொட முடியாது.

முந்தாநாள் காலையில கதிர்காமத்துல வழக்கமா உட்கார்ற டீக்கடை. எங்க தெருத் தம்பி ஒருத்தர், கொத்தனார் வேலை செய்யறவர். அவர் மகன் அக்னிவீர்ல தேர்வாகி அடுத்த மாசம் பயிற்சிக்குப் போறான். "அண்ணே, உங்க பையன் போயிட்டு வந்தவனாச்சே, போன் பேச விடுவாங்களா? வூட்ல இப்பவே அழுவுறா"ன்னு என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பக்கத்துல இருந்த பழைய மிலிட்டரிக்காரர் முந்திக்கிட்டார். "ஆறு மாசம் புள்ளைய மறந்துடு. போன்ல பேசறது, கடுதாசி போடறது எல்லாம் மனசை இளக்கிடும். அப்புறம் உருப்பட மாட்டான். நாத்தை வேர் மண்ணை உதறித்தானே நடறோம்?"ன்னார். கடையில இருந்த எல்லாரும் தலையை ஆட்டினாங்க.

நான் அன்னைக்கு எதுவும் சொல்லல. வயசுல பெரியவர், எல்லையில நின்னவர். ஆனா அவர் சொன்னது தப்பு. இதே பேச்சைக் கேட்டுத்தான் நான் என் புள்ளைக்கு ஒரு பாவம் பண்ணினேன். அதனால இதை எழுதறேன்.

என் மகன் வடக்கே ஒரு பயிற்சி மையத்துல சேர்ந்தான். எந்த ஊர்னு சொல்லத் தேவையில்லை. போன அன்னைக்கே போனை வாங்கி வைச்சுட்டாங்க. ஞாயித்துக்கிழமைல கொஞ்ச நேரம் கையில தருவாங்க, சில ஞாயிறு அதுவும் இல்லை. மூணாவது மாசம் எங்க ஆயா, அதாவது என் அம்மா, தவறிப்போச்சு. அவனை வளர்த்ததே அதுதான். நானும் என் வீட்டுக்காரியும் கழனிக்குப் போயிட்டா சோறு ஊட்டினது, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனது எல்லாம் அது.

சேதி சொல்லலாம்னா எந்த நம்பர்ல கூப்பிடறதுன்னு தெரியல. முழு முகவரி கூட எங்ககிட்ட இல்லை. அந்தக் காலத்துல தந்தி இருந்தது, அதையும் 2013 ஜூலையில மூடிட்டாங்க. அதுக்கு மேல, அனுபவம் உள்ளவங்கன்னு நாங்க நம்பினவங்க எல்லாம் ஒரே குரல்ல சொன்னாங்க: "பயிற்சியில இருக்கறவன்கிட்ட சாவு சேதி சொல்லாதே, ஓடி வந்துடுவான்." நானும் சரின்னு மறைச்சேன். ஒன்பது நாள் கழிச்சு ஞாயித்துக்கிழமை போன் அவன் கைக்கு வந்தது. திறந்ததும் அவன் பார்த்தது எங்க சொந்தக்காரப் பையன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வைச்சிருந்த கண்ணீர் அஞ்சலி. மாலை போட்ட ஆயா படம்.

எனக்குப் போன் பண்ணினான். அழல. "ஏன் நைனா சொல்லல?"ன்னு ஒரே கேள்வி. இன்னைக்கு வரைக்கும் அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. லீவுல வந்தப்பவும் ஆயா பேச்சை என்கிட்ட அவன் எடுக்கல. மனசு இளகிடும்னு மறைச்சோம். என்கிட்ட அவன் மனசு கெட்டியாயிடுச்சு. அதுவா நாம கேட்டது?

சரி, பெரியவர் சொன்னதுக்கு வருவோம். கடுதாசி வந்தா சிப்பாய் மனசு இளகிடும்னு ராணுவமே நினைச்சிருந்தா, தபாலுக்குன்னு தனியா ஒரு படைப்பிரிவையே ஏன் வைச்சிருக்கு? 1972 மார்ச் 1-ஆம் தேதி ராணுவ அஞ்சல் சேவையைத் தனிக் கோர் ஆக்கினாங்க. 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ.ன்னு முகவரி பார்த்திருப்பீங்க. பனிமலை உச்சியில காவல் நிக்கிற சிப்பாய்க்கும் அந்த முகவரியிலதான் கடுதாசி போய்ச் சேருது. அங்கே நிக்கிறவனுக்கு ஆகாத கெடுதல், பயிற்சி மைதானத்துல ஓடற பையனுக்கு எப்படி ஆகும்?

இன்னும் பழசு சொல்றேன். முதல் உலகப் போர்ல பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்களோட கடுதாசிகளை வெள்ளைக்காரன் தணிக்கை பண்ணினான். அதுக்குன்னே பிரான்சுல அலுவலகம் வைச்சு, உட்கார்ந்து படிச்சான். படிச்சானே தவிர, தபாலை நிறுத்தல. நிறுத்தினா படை சோர்ந்துடும்னு அவனுக்குத் தெரியும். அடிமைப்படுத்தின வெள்ளைக்காரனுக்குத் தெரிஞ்சது நம்ம டீக்கடைக்குத் தெரியல.

புதுச்சேரிக்காரனுக்கு இதை யாரும் சொல்லித் தரணுமா? நம்ம ஊர்ல சொல்தா வீடு இல்லாத பேட்டை உண்டா? கடற்கரைச் சாலையில 1938-ல திறந்த போர் நினைவுச் சின்னம், பிரெஞ்சுக்காரனுக்காகச் செத்த நம்ம ஆளுங்களுக்காகத்தான் நிக்குது. அப்புறம் இந்தோசீனாவுக்குப் போனாங்க, அல்ஜீரியாவுக்குப் போனாங்க. அவங்க குடும்பத்தைக் கட்டிக் காத்தது சம்பளமும் கடுதாசியும்தான். சைகோன்ல இருந்து தபால் வந்தா எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களைத் தேடி ஓடின வீடுங்க இங்கே இருந்துச்சு. இன்னைக்கு எல்லாருக்கும் எழுதத் தெரியும், எழுதத்தான் ஆள் இல்லை.

நாத்து உதாரணம் சொன்னாரே, அதுக்கும் பதில் இருக்கு. வேரை உதறி, காலால தட்டி, கட்டுக் கட்டி நட்டா பயிர் ஒரு வாரம் மஞ்சளா நின்னு அப்புறம்தான் பச்சை பிடிக்கும். நம்ம அப்பன் தாத்தன் அப்படித்தான் நட்டாங்க. ஆனா ஒற்றை நாத்து நடவு பண்ணினவங்களைக் கேளுங்க. 14 நாள் நாத்தை வேர் மண்ணோட எடுத்து, அரை மணி நேரத்துக்குள்ள நட்டுடணும். அது வாடாது, தூரும் அதிகமா வெடிக்கும். வேர்ல ஒட்டின மண்ணு பயிரைக் கெடுக்காதுன்னு நாமளே கழனியில பார்த்துட்டோம்.

இதைப் படிச்சுட்டு, "அப்ப பயிற்சியில ஸ்மார்ட்போன் தரணும்கிறியா?"ன்னு யாரும் வரிஞ்சு கட்டிக்கிட்டு வர வேணாம். நான் அதைக் கேட்கல. 2020 ஜூலையில ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொல்லி ராணுவம் உத்தரவு போட்டது. அதுல நியாயம் இருக்கு. ராத்திரி முழுக்க போனை நோண்டிட்டு விடியக்காலை ஓட முடியாது, அதுவும் சரி. ஆனா போன் வேற, தொடர்பு வேற. போனை வாங்கி வைக்கலாம். வீட்டுக்குச் சேதி சொல்ற வழியை அடைக்கக் கூடாது.

கடுமையான பயிற்சின்னா அமெரிக்க மரைன் படையைச் சொல்வாங்க. அங்கே பாரிஸ் ஐலண்டுல போய் இறங்கின ராத்திரியே வீட்டுக்கு ஒரு போன். பேசவேண்டியதை எழுதியே வைச்சிருக்காங்க: பத்திரமா வந்துட்டேன், சாப்பாட்டுப் பொருள் அனுப்பாதீங்க, முகவரி கடுதாசியில வரும். அரை நிமிஷம்தான். கல்லு மாதிரி பேச்சு. ஆனா பெத்தவங்களுக்கு மூணு விஷயம் தெரிஞ்சுடுது.

சிங்கப்பூரைப் பாருங்க. 1967-ல இருந்து பையன்களுக்குக் கட்டாய ராணுவ சேவை. நம்ம தமிழ்ப் பையன்களும் போறாங்க. புலாவ் தெக்கோங் தீவுல பயிற்சி. சேர்ற நாள்ல அப்பா அம்மாவையும் படகுல கூட்டிப்போய், தங்கற இடத்தைக் காட்டி, புள்ளையோட உட்கார வைச்சு சாப்பாடு போட்டு அனுப்பறாங்க. அந்த நாட்டு ராணுவம் இளகிப்போச்சுன்னு யாராவது சொல்ல முடியுமா?

நம்ம பையன்களோட கணக்கைப் பாருங்க. 2022 ஜூன் 14-ல அறிவிச்ச திட்டம். பதினேழரை வயசுலயே சேரலாம், அதாவது பிளஸ் டூ முடிச்ச பையன். நாலு வருஷ வேலை. முடிஞ்சதும் நூத்துக்கு 25 பேர் வரைக்கும்தான் உள்ளே வைச்சுப்பாங்க, மத்தவங்க திரும்பி நம்ம வீட்டுக்குத்தான் வரணும். திரும்பி வர வேண்டிய வீட்டை மறந்துடுன்னு சொல்றது என்ன புத்தி?

அதனால நான் கேட்கறது ஒரே ஒரு தாள். பையன் சேரும்போதே அவன் வீட்டுக்கு, தமிழ்ல, ஒரு தாள் கொடுக்கணும். கடுதாசி எழுத முழு முகவரி. போன் பேச எந்த நாள், எந்த நேரம். வீட்டுல சாவோ பெரிய நோயோ வந்தா எந்த நம்பர்ல யார்கிட்ட சொல்லணும். அவ்வளவுதான். இதுல ராணுவ ரகசியம் எதுவும் இல்லை. சில மையங்கள்ல நல்ல ஆபீசர் இருந்தா அவங்களாவே சொல்லிடறாங்களாம். நல்ல ஆபீசர் வாய்ச்சாத்தான் சேதி தெரியணும்னா அது சலுகை. எனக்கு வேண்டியது முறை. நம்ம எம்.எல்.ஏ.க்கள், எம்.பி. எல்லாம் தேர்வான பையன்களுக்குச் சால்வை போட்டுப் படம் எடுத்துக்கறாங்க. அந்தச் சால்வையோட இந்தத் தாளையும் கேட்டு வாங்கித் தரட்டும்.

நம்ம பக்கமும் தப்பு இருக்கு. எனக்குக் கிடைச்ச பத்து நிமிஷ போன்ல பாதியை என் வீட்டுக்காரி அழுதே கழிச்சா, மீதியை நான் மோட்டார் காயில் போனதையும் கூட்டுறவுக் கடனையும் சொல்லிக் கழிச்சேன். அவன் என்ன சாப்பிட்டான், கால் வீக்கம் வத்துச்சான்னு கேட்கவே இல்லை. அதனால அந்தக் கொத்தனார் தம்பிக்கு நான் சொன்னது இது:

போறதுக்கு முன்னாடி வீட்டு நம்பர் நாலைத் தாள்ல எழுதிப் பையன் பர்ஸ்ல வைங்க. இந்தக் காலப் பையன்களுக்கு அம்மா நம்பரே மனப்பாடம் கிடையாது. தபால்தலை ஒட்டி, உங்க விலாசம் எழுதின கவர் பத்து கொடுத்து அனுப்புங்க. முதல் போன்லயே நம்பர், கம்பெனி, பிளட்டூன் எல்லாம் சேர்த்து முழு முகவரியை எழுதி வாங்குங்க. வாரம் ஒரு கடுதாசி போடுங்க, ஒரு டீ விலை கூட ஆகாது. பெரிசா எழுத வேணாம். மாடு கன்னு போட்டது, தெருவுல தண்ணி நின்னது, தங்கச்சி மார்க்கு, இது போதும். கடன் கதை வேணாம். அவன் யூனிபார்ம் படத்தை ஊர் பேரு, யூனிட் பேரோட ஸ்டேட்டஸ் வைக்காதீங்க. ஆனா சாவை மறைக்காதீங்க. மையத்துக்குப் போன் பண்ணி, அவனோட சுபேதார் சாப்போ உஸ்தாதோ அவனைப் பக்கத்துல உட்கார வைச்சு நேர்ல சொல்லும்படி கேளுங்க. லீவு கிடைக்குமா கிடைக்காதாங்கறது அடுத்த பேச்சு. தெரிஞ்சுக்க அவனுக்கு உரிமை இருக்கு.

நேத்து ரங்கப்பிள்ளை வீதி தலைமைத் தபால் நிலையத்துக்குப் போயிருந்தேன். அந்தத் தம்பி மகனுக்குக் கவர் பத்து வாங்கினேன். கூட எனக்கும் ஒண்ணு வாங்கினேன். என் மகன் இப்ப இருக்கற முகவரி என்கிட்ட இருக்கு. ஆயா கடைசி மூணு நாள் எப்படி இருந்தது, அவன் பேரைச் சொல்லி என்ன கேட்டதுங்கறதை போன்ல என்னால சொல்ல முடியல. எழுதிப் போடறேன்.