உங்களுக்கு என்ன வேண்டும்?

குடிப்பழக்கம், மனநோய், ஆறாத உடல் உபாதை, போக்கிடமின்மை: இவை நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் அவரை எந்தத் துறை கவனிக்கும்? பெரும்பாலும் எதுவுமில்லை. ஒவ்வொரு கதவும் அடுத்த கதவைக் கைகாட்டும்.

2009இல் லண்டனின் நிதி வட்டாரத்தில் 'பிராட்வே' என்ற தொண்டு நிறுவனம் இந்த அலைக்கழிப்பை நிறுத்திப் பார்த்தது. 4 முதல் 45 ஆண்டுகள் வரை நடைபாதையில் கழித்தவர்கள், விடுதிக்கு அழைத்தபோதெல்லாம் மறுத்தவர்கள். அவர்களிடம் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டது. ஆளுக்கு 3,000 பவுண்டு வரை ஒதுக்கியது. ஒருவர் தொலைக்காட்சிப் பெட்டி கேட்டார். இன்னொருவர் கேரவன் வண்டியில் தங்க விரும்பினார். பணத்தை வீணடிப்பார்கள் என்ற அச்சம் பொய்த்தது. ஒதுக்கியதில் பெரும்பகுதி செலவாகவே இல்லை. உதவியை ஏற்ற 13 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் ஓராண்டுக்குள் கூரையின்கீழ் வந்துவிட்டனர்.

பணம் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. ஆள் மாறாமல் ஒரே ஊழியர் தொடர்ந்து உடனிருந்தார். புதிதாக வருபவரிடமெல்லாம் பழைய ரணத்தை முதலிலிருந்து சொல்லவேண்டிய கொடுமை அவர்களுக்கு இல்லை.

சென்னையில் 1993இல் தொடங்கிய 'தி பான்யன்' அமைப்பும் இதே திசையில்தான் நடக்கிறது. மனநல மருத்துவமனையிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிப்போன பெண்கள், அதன் துணையோடு சாதாரணத் தெருவில் வாடகை வீடெடுத்து நாலைந்து பேராகச் சேர்ந்து வாழ்கிறார்கள். இன்று சாம்பாரா, மீன் குழம்பா என்பதை அவர்களே முடிவுசெய்யலாம்.

கட்டடத்துக்கும் அன்னதானத்துக்கும் அள்ளித்தரும் நம்மவர்கள், உடனிருக்கும் ஊழியரின் மாதச் சம்பளத்துக்கும் தரவேண்டும். அரசு மானியமும் படுக்கைகளை எண்ணுவதோடு நிற்காமல் அந்தச் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்கவேண்டும்.