கீபோர்டைத் திட்டாதீங்க, செட்டிங்கை மாத்துங்க

கீபோர்டுல கத்துக்கிட்டா பிள்ளைக்குச் சுருதிஞானம் கெட்டுப்போகும்னு ஒரு கோஷ்டி. பன்னிரண்டு ஸ்வரமும் இருக்கே, அப்புறம் என்னன்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கோபம்.

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்கள்ல பாட்டு கத்துக்க நினைக்கிற பிள்ளைக்கு வீட்டுல வீணையா இருக்கு, தம்புராவா இருக்கு? மாமா வாங்கிக் கொடுத்த கீபோர்டுதான் இருக்கு. அந்தப் பிள்ளையோட காது அதுலதான் பழகுது.

பிரச்சினை இதுதான். கடையில வாங்குற கீபோர்டு ஒரு ஸ்தாயியை 12 சம பங்காப் பிரிச்சு வெச்சிருக்கும். ஒரு பங்கு 100 சென்ட். எந்தக் கட்டையில ஆரம்பிச்சாலும் ஒரே மாதிரி வாசிக்கணும்னு மேற்கத்திய இசை செஞ்சுகிட்ட சமரசம் அது. நமக்கு ஸட்ஜம் நகராது. அப்போ அந்தச் சமரசம் நமக்கு எதுக்கு?

தம்புராவைக் கவனிச்சுக் கேளுங்க. ஸட்ஜக் கம்பிக்குள்ளேயே அந்தர காந்தாரம் மெலிசாக் கேட்கும். அது 386 சென்ட். கீபோர்டு கொடுக்குறது 400.

14 சென்ட்தானேன்னு நினைக்காதீங்க. ஒரு கட்டை சுருதியில ஸட்ஜம் 261.6 ஹெர்ட்ஸ். அதோட அஞ்சாவது மேல்சுரம் 1308. கீபோர்டு காந்தாரத்தோட நாலாவது மேல்சுரம் 1318. ரெண்டும் காதுக்குள்ள இருக்கிற காக்லியாவுல பக்கத்துப் பக்கத்துல விழுந்து, விநாடிக்குப் பத்து தடவை துடிக்கும். ஹார்மோனியம் டோன்ல ஸ, க ரெண்டையும் அழுத்திப் பிடிங்க, அந்த நடுக்கம் தெரியும். பஞ்சமத்துல வித்தியாசம் வெறும் 2 சென்ட், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்லை.

இதே மாதிரி புகாரை வெச்சுத்தான் அகில இந்திய வானொலி 1940ல ஹார்மோனியத்தைத் தடை செஞ்சது. 1971 வரைக்கும் தடை. புகார்ல நியாயம் இருந்தது, தண்டனை அநியாயம். அதுவாவது பித்தளை ரீடு, ஒவ்வொண்ணா அரத்தால ராவணும். கீபோர்டுல சுருதிங்கிறது வெறும் எண். 1987ல வந்த யமஹா டிஎக்ஸ்7 II-லயே அதை மாத்த முடிஞ்சது. 1992ல மிடி முறையில இதுக்குத் தனி விதியே வந்தாச்சு. இன்னுமா கருவியைக் குறை சொல்றது?

“ஆபிரகாம் பண்டிதரே சமப் பிரிப்பைத்தானே சொன்னார்?”னு கேட்பீங்க. ஆமா. 1917ல வந்த கருணாமிர்த சாகரத்துல கணக்குப் போட்டு வாதாடினார். அவரும் வைத்தியர்தான், அவர் மேல மரியாதை உண்டு. ஆனா கணக்கு அழகா இருந்தாலும் தம்புரா அந்த இடத்துல ஒலிக்கலையே!

செய்ய வேண்டியது சின்ன வேலை. கீபோர்டு மெனுவுல ‘ஸ்கேல் ட்யூன்’ இருக்கான்னு பாருங்க. சங்கராபரணத்துக்கு: ரி +4, க −14, ம −2, ப +2, த −16, நி −12. ஸட்ஜத்தை வேற கட்டைக்குக் கொண்டு போனா எண்களும் கூடவே போகணும். ராகம் மாறினா சிலது மாறும். கமகம் இதுல வராது, அதுக்கு வாய்ப்பாட்டுதான்.

டீச்சர்களே, மாசாமாசம் ஃபீஸ் வாங்குறீங்க, இந்த ஆறு எண்ணை மாத்த அஞ்சு நிமிஷம் ஆகுமா? மலிவு மாடல்ல அந்த வசதி இல்லைன்னா ஸ, ப மட்டும் அழுத்திப் பிடிங்க. காந்தாரத்தைப் பிள்ளையே பாடித் தேடட்டும்.