திருத்தம் மோசடி அல்ல

கடல் சூடாகிறதா என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் வந்து நிற்கிறது: "கருவி காட்டியதை அப்படியே வெளியிடுங்கள். அதில் கைவைத்தால் எதையோ மறைக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்." நன்கு படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். நேர்மையின் குரல் போலத்தான் ஒலிக்கிறது. ஆனால் இந்த நம்பிக்கை முழுத் தவறு. கடலோரம் வாழ்பவர்களுக்கு ஆபத்தும்கூட.

கடலில் கிடக்கும் கருவியின் நிலையை முதலில் பார்ப்போம். உலகக் கடல்களில் சுமார் 4000 ஆர்கோ மிதவைகள் இயங்குகின்றன. 1000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு நகர்ந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் வரை இறங்கி, மேலேறும் வழியில் அழுத்தம், வெப்பநிலை, உப்புத்தன்மை மூன்றையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி மூழ்குகின்றன. ஆண்டுக்கணக்கில் இதே வேலை. துடைக்கவோ சரிபார்க்கவோ அங்கே ஆள் கிடையாது. உப்பை அளக்கும் குழாயில் பாசி படிந்தால் உப்பு குறைந்ததாகக் காட்டும். அழுத்த உணரி நாள்பட நாள்பட விலகும். முள் விலகிய தராசு காட்டும் எடையை, யாரும் தொடவில்லை என்பதற்காகச் சரியான எடை என்று ஏற்போமா?

2006-இல் நாசாவின் ஜோஷ் வில்லிஸும் சக ஆய்வாளர்களும், 2003 முதல் 2005 வரை கடலின் மேலடுக்கு குளிர்ந்துவிட்டது என்று ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புவி வெப்பமாதலை மறுப்பவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். மறு ஆண்டே அந்தக் குளிர்ச்சி பொய் என்று அதே ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அட்லாண்டிக்கில் இருந்த ஒருவகை மிதவைகள், ஆழத்தில் அளந்த குளிர்ந்த வெப்பநிலையை அதைவிட மேலான மட்டத்தின் கணக்கில் எழுதியிருந்தன. இன்னொரு பிழை, கப்பலிலிருந்து வீசப்படும் பழைய வெப்பமானிகளில் இருந்தது. அவற்றில் ஆழத்தை அளக்கும் உணரியே கிடையாது. நீரைத் தொட்டு எத்தனை நொடி ஆயிற்று என்பதை வைத்து ஆழத்தைக் கணக்கிடுவார்கள். விழும் வேகம் கணித்ததிலிருந்து சற்று மாறினால் ஆழம் தப்பும். ஆழம் தப்பினால் வெப்பமும் தப்பும். யாரும் கைவைக்காத எண்கள்தான் உலகை ஏமாற்றின. கைவைத்த பிறகுதான் உண்மை வெளிவந்தது.

"திருத்தங்கள் எல்லாமே வெப்பத்தை ஏற்றிக் காட்டத்தானே?" என்று அடுத்துக் கேட்பார்கள். இல்லை, நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. பழங்காலக் கப்பல்களில் வாளியில் நீர் மொண்டு வெப்பநிலை பார்த்தார்கள். கித்தான் வாளியில் நீர் ஆவியாகி, அளப்பதற்குள் குளிர்ந்துவிடும். இந்தப் பிழையைச் சரிசெய்தபோது பழைய கடலின் வெப்பநிலை உயர்ந்தது. அதனால் நீண்டகால வெப்ப உயர்வு குறைந்தது. திருத்தாத எண்களைத்தான் வெளியிட வேண்டும் என்பவர்கள், இன்னும் அதிகமான வெப்ப உயர்வைத்தான் கேட்கிறார்கள்.

விசித்திரமாகத் தெரிவதையெல்லாம் வெட்டி எறிவதும் தரக் கட்டுப்பாடு ஆகாது. 1995 ஜனவரி 1 அன்று வடகடலின் டிராப்னர் எரிவாயு மேடையில் இருந்த லேசர் கருவி 25.6 மீட்டர் உயர அலையைப் பதிவு செய்தது. சுற்றியிருந்த பெரிய அலைகளின் சராசரி உயரமே சுமார் 12 மீட்டர்தான். வெறும் விதியை வைத்துப் பார்த்தால் கழித்துவிட வேண்டிய எண் அது. மேடையின் கீழ்ப்பகுதியில் ஏற்பட்டிருந்த சேதத்தோடு ஒப்பிட்டுத்தான் அதை மெய்யென்று ஏற்றார்கள். சோதனை இல்லாமல் பொய்யைத் தள்ளவும் முடியாது, மெய்யை நம்பவும் முடியாது.

திருத்துவது மறைவாக நடக்கிறது என்பதும் உண்மையல்ல. ஆர்கோ கோப்பில் மிதவை அனுப்பிய எண் அழிக்கப்படுவதில்லை. பக்கத்திலேயே திருத்திய எண்ணும், அதன் பிழை வரம்பும், தரக்குறியும் நிற்கின்றன: 1 நல்லது, 2 பெரும்பாலும் நல்லது, 3 ஐயத்துக்குரியது, 4 தவறு. முதற்கட்டச் சோதனையைக் கணினி ஒரு நாளுக்குள் முடிக்கிறது. பிறகு வல்லுநர்கள் பக்கத்து மிதவைகளோடும் கப்பல் அளவீடுகளோடும் நிதானமாக ஒப்பிடுகிறார்கள். இரண்டு எண்களையும் யாரும் இறக்கிப் பார்க்கலாம். ஏமாற்ற நினைப்பவர் இப்படிச் சான்றைப் பொதுவில் வைப்பாரா?

நம் கரைக்கு இது உயிர்ப் பிரச்சினை. 2004 சுனாமிக்குப் பிறகு உருவாகி 2007 முதல் இயங்கும் ஹைதராபாத் சுனாமி எச்சரிக்கை மையம், கடலடி அழுத்தமானிகளை நம்பியிருக்கிறது. நிலநடுக்கத்தில் கடல்தரையே குலுங்கும்போது அந்தக் குலுக்கமும் அழுத்தமாகப் பதிவாகும். எது குலுக்கம், எது அலை என்று சில நிமிடங்களில் பிரித்தறிய வேண்டும். பிரிக்காமல் அப்படியே வெளியிட்டால், வராத அலைக்கு ஊரே ஓடும். நாலு முறை அப்படி ஓடியவர்கள் ஐந்தாம் முறை நிஜ அலை வரும்போது வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். "அப்படியே வெளியிடு" என்று கேட்பவர்கள் அந்த உயிர்களுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

சந்தேகப்படுங்கள், அது குடிமக்களின் உரிமை. ஆனால் சோதித்துத் திருத்தி, திருத்தியதைச் சொல்லிவிட்டு வரும் எண்ணைச் சந்தேகிக்கும் அளவுக்காவது, தரக்குறியே இல்லாமல் செய்தியிலும் அறிக்கையிலும் வரும் எண்ணையும் சந்தேகியுங்கள். யார் சோதித்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், பிழை எவ்வளவு என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத எண்ணை வைத்துக் கடலைப் பற்றி யார் பேசினாலும் ஏற்காதீர்கள்.