பொற்கோடும் பொய்த்தோலும்

ஆரணியிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு நாள்தோறும் சென்றுவரும் என் அண்ணன், மறைந்த அப்பாவின் பழைய புல்லட்டுக்குக் கண்ணாடி போன்ற பாலியூரித்தேன் படலம் ஒட்ட வேண்டுமென்கிறார். லாரிச் சக்கரங்கள் தெறிக்கவிடும் கற்கள் வண்ணத்தைத் தின்றுவிடுகின்றனவாம். உண்மைதான். டாங்கில் இருப்பது திருவொற்றியூர்த் தொழிலாளி அளவுகோலின்றித் தூரிகையால் இழுத்த பொற்கோடாயிற்றே!

ஆயினும் நான் மறுக்கிறேன். சோப்பு நீர் தெளித்து, ரப்பர் தகட்டால் வழித்து ஒட்டுவதுதான் முறை. அடியில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் கொப்புளமாய் நிற்கும். அது போகட்டும். நாற்பதாண்டு வெயில் கண்ட வண்ணம், படலத்தை உரிக்கும் நாளில் கோட்டோடு பெயர்ந்து வரக்கூடும். புதுவண்டிக்காரர் ஒட்டிக்கொள்ளட்டும், எனக்குத் தடையில்லை.

டாங்கின் இடப்புறம் அப்பாவின் முழங்கால் தேய்த்த இடம் ஒன்றுண்டு. அதைப் பளபளப்பாக மூடி எதைக் காக்கப் போகிறோம்?

அண்ணா, அந்தப் பணத்தில் முதலில் பின்டயரை மாற்றுங்கள்.