இயந்திரத்துக்கு முன் அறை

அண்மையில் டெல்டாவில் ஓர் அலுவலகத்துக்குச் சென்றிருந்தேன். புதிதாக வாங்கிய தரவு சேமிப்பு இயந்திரம் வராந்தாவில் தார்ப்பாய் போர்த்தியபடி நின்றது. மாடி அறையின் தளம் அதன் எடையைத் தாங்குமா என்ற கேள்வி, லாரியிலிருந்து இறக்கிய பிறகுதான் எழுந்ததாம்.

இதை ஓர் அலுவலகத்தின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. சரஸ்வதி மகால் நூலகத்தின் சுவடிகள் முதல் நில ஆவணங்கள் வரை அனைத்தும் மின்னுருவம் பெறும் காலம் இது. 2024-இல் தஞ்சாவூரில் மினி டைடல் பூங்காவும் திறக்கப்பட்டுவிட்டது. இயந்திரங்கள் இன்னும் வரும். அவற்றை வைக்கும் அறைகள் தயாராக உள்ளனவா?

வட்டுகள் நிறைந்த ஓர் அடுக்கு அலமாரி 1,000 கிலோவைத் தாண்டக்கூடும். அது நிற்கும் இடமோ முக்கால் சதுர மீட்டருக்கும் குறைவு. இந்தியத் தர நிர்ணய விதிகளின்படி, அலுவலகத் தளங்கள் சதுர மீட்டருக்குச் சுமார் 250 முதல் 400 கிலோ வரையிலான சுமைக்கே வடிவமைக்கப்படுகின்றன. சுற்றிலும் காலியிடம் விட்டால் சுமை ஓரளவு பரவும். எனினும், எவ்வளவு பரவும் என்பதைக் கட்டுமானப் பொறியாளர்தான் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். மின்தூக்கி, மாடிப்படி, கதவு என இயந்திரம் செல்லும் வழியையும் முன்னதாகவே அளந்தாக வேண்டும்.

அப்படியானால் தரைத்தளத்தில் வைத்துவிடலாமே என்று தோன்றும். டெல்டாவில் அதற்கு வடகிழக்குப் பருவமழை இடம் கொடுக்காது. 2012-இல் சாண்டி புயலின்போது, நியூயார்க்கில் கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்த எரிபொருள் இறைப்பான்கள் நீரில் மூழ்கின. அங்கிருந்த ஒரு தரவு மையத்தை இயக்க, டீசலை வாளிகளில் 17-ஆவது மாடிக்குச் சுமந்தனர். 2018 நவம்பரில் வீசிய கஜா புயலுக்குப் பின், இங்கே பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்ததை நாம் மறந்துவிடவில்லை. உயர்த்திக் கட்டிய தரைத்தளமா, வலுப்படுத்திய முதல் தளமா என்பதை ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும்.

இயந்திரம் உண்ணும் மின்சாரம் அனைத்தும் வெப்பமாகவே வெளியேறும். 10 கிலோவாட் மின்சாரத்துக்குக் குறைந்தது 3 டன் குளிரூட்டல் தேவை; அதுவும் இரவு பகலாக. குளிர்சாதனத்துக்கும் சேர்த்து ஜெனரேட்டர் இல்லையெனில், மின்கலம் மட்டும் இருந்து பயனில்லை.

அறை எவ்வளவு சிறந்ததாயினும் ஓர் அறை போதாது. 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பற்றியது. வேறிடத்தில் நகல் இல்லாததால் 858 டெராபைட் அரசு ஆவணங்கள் அழிந்தன. தஞ்சையின் தரவுக்கு ஒரு நகல் கடலோரத்துக்கு அப்பால் இருந்தாக வேண்டும்.

இயந்திரத்தின் விலையோடு தளச் சான்றிதழ், குளிரூட்டல், மின்வசதி, வெளியூர் நகல் ஆகிய நான்குக்கும் மதிப்பீட்டிலேயே நிதி ஒதுக்காத எந்தத் திட்டத்துக்கும் அரசு ஒப்புதல் தரக் கூடாது. நெல் வீட்டுக்கு வருமுன் பத்தாயத்தைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்த மண் இது. தரவுக்கும் அந்த முன்யோசனை வேண்டும்.