“சின்ன அணைதானே” என்று சொல்லாதீர்கள்!



பேராக் மாநிலத்தில் அணை என்றவுடன் நமக்குத் தெமெங்கோரும் செண்டரோவும் புக்கிட் மேராவும் நினைவுக்கு வரும். அவற்றுக்குப் பொறியாளர் உண்டு, காவலர் உண்டு, பதிவேடு உண்டு. நான் எழுத வந்தது அவற்றைப் பற்றியன்று. பெயர்ப் பலகைகூட இல்லாத அணைகளைப் பற்றி!

இரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில் ஆலைக்கும் லயத்திற்கும் தண்ணீர் வேண்டி ஓடையை மறித்து மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பினார்கள். மண் சுமந்தவர்கள் நம் பாட்டனும் பாட்டியும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் துண்டாடப்பட்டது, கைமாறியது, வீடமைப்புத் திட்டம் வந்தது. குழாய் நீர் வந்தபின் அந்தக் குளத்தை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால், தண்ணீர் மட்டும் அங்கேயே நிற்கிறது. அதைத் தாங்கும் கரை ஆண்டுதோறும் தளர்கிறது. கரைக்குக் கீழே கோவில், குடியிருப்பு, சில இடங்களில் தமிழ்ப்பள்ளி!

மண்ணால் கட்டியதாலேயே அணை தீதன்று. 1906ஆம் ஆண்டு கிரியான் நெல்வயல்களுக்காகக் கட்டப்பட்ட புக்கிட் மேராவும் மண்ணணைதான். நூறாண்டு கடந்தும் அது நிற்கிறது. காரணம், அதற்குப் பொறுப்பாளர் இருக்கிறார். நம் தோட்டத்துக் குளக்கரைக்கு யார் பொறுப்பு? இதுவே என் கேள்வி.

எனக்குக் கிடைத்த மூன்று பதில்கள்

நான் பணியாற்றும் பள்ளிக்கு மேற்புறம் அத்தகைய கரை ஒன்று உள்ளது. அடிவாரத்தில் வெயில் காலத்திலும் சதசதவென்று ஈரம். உபரிநீர் வழிந்தோடும் கால்வாயில் மட்டைகளும் மண்ணும் அடைத்துக் கிடக்கின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழி கடிதம் எழுதினோம். ஓர் அலுவலகம், “அது தனியார் நிலம்” என்றது. நிலத்தை வைத்திருக்கும் நிறுவனம், “நாங்கள் வாங்கிய பத்திரத்தில் அணை என்று எதுவும் இல்லை” என்றது. மூன்றாமவர் சிரித்துக்கொண்டே, “சின்ன அணைதானே, எழுபது வருசமா நிக்குது” என்றார்.

இம்மூன்று பதில்களும் தவறானவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“எழுபது வருசமா நிக்குது”

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. குளக்கோட்டன் கட்டினான் என்பது தமிழர் மரபு. இரண்டாம் அக்கபோதி என்பது சிங்கள வரலாறு. அத்தனை காலம் நின்ற கரை 1986 ஏப்ரல் 20 அன்று உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கரையின்மேல் கனவுந்துகளை ஓடவிட்டதும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. இன்று நம் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் எவ்வழியே போகின்றன என்பதைப் பாருங்கள்! நேற்று வரை நின்றது என்பது நாளைக்குச் சான்றாகாது.

மண்ணணை உடைவது பெரும்பாலும் இரண்டே வழிகளில்தான். ஒன்று, அடைமழையில் உபரிநீர்க் கால்வாய் அடைபட்டு, வெள்ளம் கரையின் தலைக்கு மேல் வழிந்து மண்ணை அரித்துச் செல்வது. மற்றொன்று, கரையின் உள்ளேயே நீர் சிறு துளை வழி கசிந்து, மண் துகள்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சென்று சுரங்கமாக மாறுவது. பெரிய மண்ணணைகளின் உடைப்புகளை ஆராய்ந்த பொறியாளர்கள், ஏறக்குறைய பாதி முதல்வகை, ஏறக்குறைய பாதி இரண்டாம்வகை என்று கணித்துள்ளனர். முன்னதைத் தடுக்க மண்வெட்டி போதும். பின்னதைக் கண்டுபிடிக்கக் கண் போதும். தெளிந்த நீர் கசிந்தால் கவனியுங்கள். கலங்கிய நீர் கசிந்தால் கரை உள்ளே கரைகிறது என்று பொருள். செத்த மரத்தின் வேர், எலி வளை, உடும்புப் பொந்து, துருப்பிடித்த பழைய குழாய் ஆகிய யாவும் நீருக்கு வழி காட்டுபவையே.

“சின்ன அணைதானே”

சிறிது, பெரிது என்பது உயரத்தின் கணக்கு. கீழே இருப்பவர்களின் கணக்கன்று. இந்தியாவில் 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 10 முதல் 15 மீட்டர் வரையிலான அணைகளையும் மட்டுமே கணக்கில் கொள்கிறது. அதற்குக் குறைந்தவை அச்சட்டத்தின் கண்ணுக்குத் தெரியா!

2019 ஜூலை 2 இரவு, மகாராட்டிர மாநிலம் இரத்தினகிரி மாவட்டத்தில் திவரே என்னும் சிற்றூரின் மண்ணணை உடைந்தது. கட்டி இருபது ஆண்டுகூட ஆகவில்லை. கசிவைப் பற்றி ஊர்மக்கள் முன்னரே முறையிட்டிருந்தனர். குறைந்தது 19 பேர் மாண்டனர். அதன்பின் அம்மாநில அமைச்சர் ஒருவர் என்ன சொன்னார் தெரியுமா? நண்டுகள் துளையிட்டதால் அணை உடைந்ததாம்! நண்டு தன் வேலையைச் செய்தது. மனிதர் தம் வேலையைச் செய்தனரா?

“அது தனியார் நிலம்”

மூன்றிலும் இதுவே கொடிய பதில். கென்யா நாட்டின் சோலாய் என்னுமிடத்தில் தனியார் பண்ணை ஒன்றின் அணை 2018 மே 9 அன்று உடைந்தது. குறைந்தது 47 பேர் இறந்தனர். அவர்களுள் குழந்தைகள் பலர். அந்த அணைக்கு முறையான அனுமதியே இல்லை என்று நீர்வள அதிகாரிகள் பின்னர் கூறினர். நிலம் தனியாருடையது, வெள்ளம் பொதுவாயிற்று.

நம் தோட்டங்களை ஆண்ட ஆங்கிலேயர் தம் நாட்டில் என்ன செய்தனர் என்பதையும் அறிவோம். 1925இல் வேல்சு நாட்டு டோல்காரோக் ஊரில் அணைகள் உடைந்து 16 பேர் இறந்தனர். ஐந்தே ஆண்டில், 1930இல், நீர்த்தேக்கப் பாதுகாப்புச் சட்டம் இயற்றினர். 50 இலட்சம் கேலனுக்கு மேல் நீர் தேக்கினால், தனியாராயினும், தகுதிபெற்ற பொறியாளர் பத்தாண்டுக்கு ஒருமுறையேனும் சோதிக்க வேண்டும் என்றனர். அதே காலத்தில் இங்கே நம்மவர்கள் அவர்களுக்காகக் கரை கட்டிக்கொண்டிருந்தனர். அச்சட்டமோ அவர்கள் நாட்டுக்கு மட்டும்!

நமக்கு இது புதிய சிந்தனையுமன்று. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறையில் தெரிந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகிறது. ஊருக்கு ஒரு நீர்நிலை; அதற்குப் பெயர் சொல்லக்கூடிய பொறுப்பாளர்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் இருந்தது இன்று ஏன் இல்லை?

நம்முள் இருக்கும் அச்சம்

இனி, நம்மைப் பற்றியும் பேசியாக வேண்டும். கூட்டம் முடிந்தபின் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: “சார், இதைப் பெருசு பண்ணாதீங்க. பள்ளிக்கூடம் நிக்கிற நிலமே அவங்களுதுதான். நாளைக்குப் பள்ளிய எடுத்துட்டா என்ன பண்ணுவீங்க?”

இந்த அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். தோட்டம் போனது, லயம் போனது. பள்ளி ஒன்றுதான் மிச்சம். ஆனால், அச்சத்திற்கு அடிப்படை உண்டா என்று பாருங்கள். கரை பலவீனம் என்று தெரிந்தால் முதலில் செய்வது நீர்மட்டத்தைக் குறைப்பது. மதகைத் திறந்தோ, பொறியாளர் சொற்படி வடிகால் அமைத்தோ சில அடி தண்ணீரை வடித்தாலே ஆபத்து பெருமளவு குறையும். பள்ளியை எவரும் பெயர்க்க வேண்டியதில்லை. குளத்தைச் சற்று வற்றச் செய்தால் போதும். கேட்டால் பள்ளி போய்விடும் என்பது ஊகம். கேட்காவிட்டால் போகக்கூடியவை பிள்ளைகளின் உயிர்கள்.

1966 அக்டோபர் 21 அன்று வேல்சின் அபர்ஃபானில் நிலக்கரிக் கழிவுமலை சரிந்து பள்ளியின்மேல் விழுந்தது. இறந்த 144 பேருள் 116 பேர் குழந்தைகள். அதற்கு முன்னரே அங்குள்ள தாய்மார்கள் வெள்ளத்தைப் பற்றி மனு எழுதினர்; தலைமையாசிரியை அதை ஊர்மன்றத்திடம் கொண்டுசேர்த்தார். கேட்டவர்கள் இருந்தனர், செவிமடுத்தவர் இல்லை. நம் பேராக்கிலேயே 1995 அக்டோபர் 26 அன்று கோலா டிப்பாங் தொங்குபாலம் அறுந்து 22 மாணவர்களை இழந்தோம். அந்தப் பாடத்திற்கு நாம் கொடுத்த விலை போதாதா?

நாம் கேட்க வேண்டியவை

1. மாவட்டத்திலுள்ள ஒவ்வொரு தோட்டத்துக் குளக்கரையும், உயரம் எதுவாயினும், உரிமையாளர் பெயருடன் பதிவு செய்யப்பட வேண்டும்.

2. ஆண்டிறுதி மழைக்கு முன் பொறியாளர் நேரில் சோதித்து, அறிக்கையின் படியைப் பள்ளிக்கும் தர வேண்டும்.

3. உபரிநீர்க் கால்வாயைத் தூர்வாரும் செலவு நில உரிமையாளருடையது. கரைமேல் கனவுந்து ஓடக்கூடாது.

4. தீயணைப்புப் பயிற்சி நடத்துவதுபோல், மேட்டுக்கு ஓடும் பயிற்சியும் நடத்த வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. கூட்டுப்பணி என்ற பெயரில் நாமே கரையில் மரம் பிடுங்குவதும் ஈர இடத்தைத் தோண்டுவதும் கூடாது. அது ஆபத்தைக் கூட்டும். மாணவர்களை அங்கு அழைத்துச் செல்லவே கூடாது. புல் வெட்டிப் படம் எடுத்துக்கொள்வது பராமரிப்பாகாது!

கடிதம் எழுதுங்கள். தேதியிடுங்கள். படம் இணையுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வடிகால் நீர்ப்பாசனத் துறை, மாவட்ட அலுவலகம், சட்டமன்ற உறுப்பினர் ஆகிய மூவருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்ட இடம் கொடாதீர்கள். நாளைக்கு எவரும் “எங்களுக்குத் தெரியாது” என்று சொல்ல இயலாதபடி செய்வதே நம் முதல் வெற்றி.

குளத்தில் வாழ்ந்த மூன்று மீன்களின் கதையை வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். வருமுன் காத்த மீன் பிழைத்தது என்று எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண்ணும் தருகிறோம். அந்தத் தேர்வை இப்போது நாம் எழுத வேண்டியிருக்கிறது.

மழைக்கு முன் விடை எழுதுவோம்!