கடன் சுமந்தோர் வாங்கிய மனை

வாசிங்டன் நகரில், மாசசூசெட்சு நிழற்சாலையில், 2020 எனும் எண்ணுடைய அறுபது அறை மாளிகையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வயிரக் கதையொன்றையே எழுதுகின்றனர். அயர்லாந்திலிருந்து குடியேறிக் கொலராடோ மலையில் பொன் கண்ட தாமசு வால்சு 1903-இல் அதனைக் கட்டி முடித்தாராம்; அவர்தம் மகள் ஈவலின் 'ஓப்' எனும் நீல வயிரத்தை அணிந்து உலவினாராம். (அவ்வயிரம் கோல்கொண்டா நாட்டுச் சுரங்கத்தில் தோண்டப்பட்டது என்பதை மட்டும் விரைந்து கடந்துவிடுவர்!) இறுதியில், 1951-இல் இந்தோனேசியா அதனை வாங்கியது என ஒரு வரி.

அவ்வொரு வரியிலன்றோ வரலாறு அடங்கிக் கிடக்கின்றது!

1945 ஆகசுட்டு 17-இல் விடுதலை சாற்றிய மக்களை ஒல்லாந்தர் விட்டாரில்லை. 1947-இலும் 1948-இலும் பெரும்படை கொண்டு தாக்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'காவல் நடவடிக்கை'! சுகர்ணோவையும் அத்தாவையும் சிறைப்பிடித்தனர். உலகின் நெருக்குதலுக்குப் பணிந்து 1949-இல் ஏக் நகர மாநாட்டில் ஆட்சியை ஒப்படைக்க இசைந்தபோதும், 430 கோடி கில்டர் கடனையும் அதனோடு சேர்த்தே ஒப்படைத்தனர். கிராம்பும் சாதிக்காயும் கரும்பும் வெள்ளீயமும் வாரிச் சென்றவன், போகும்போது நீட்டிய கணக்கு அது! தம்மைச் சுடுவதற்குச் செலவிட்ட தொகையும் அதில் அடங்கியுள்ளதே என இந்தோனேசியர் வாதிட்டனர். தொகை சற்றுக் குறைந்தது; சுமை நீங்கவில்லை. கொலையுண்டவன் மகனிடம் குண்டுக்கு விலை கேட்பது எவ்வூர் அறம்?

இச்சுமையோடுதான், அலி சாசுத்திரோ அமிசோயோ முதல் தூதராக இருந்த காலத்தில், அம்மாளிகை வாங்கப்பெற்றது. (இவரே பின்னர்த் தலைமையமைச்சராகி, 1955-இல் பாண்டுங் மாநாட்டை நடத்தியவர்.) விலை 3,35,000 தாலர். கட்டுவதற்கு ஆன செலவோ 8,35,000 தாலர்! வறிய நாட்டுக்கு வளமனை எதற்கு எனக் கேட்பார் உளராயின், அவர்தம் வினா பழைய ஆண்டையின் வினாவே. ஒல்லாந்த மொழியை ஒதுக்கித் தம் பொதுமொழியை ஆட்சியில் அமர்த்தியவர்கள், பட்டாவியா எனும் பெயரைக் களைந்து சகார்த்தாவை நிலைநாட்டியவர்கள், அயல்நாட்டுத் தலைநகரில் மட்டும் யார் வீட்டுத் திண்ணையில் ஒண்டியிருக்க வேண்டும்?

1956-இல் இந்தோனேசியா ஏக் உடன்பாட்டை முறித்து, எஞ்சிய கடனைத் தர மறுத்தது. அதற்குள் அதன் பெரும்பகுதியை அம்மக்கள் செலுத்திவிட்டிருந்தனர். மாளிகையோ அந்நாட்டின் தூதரகமாகவே இன்றும் நிற்கின்றது.